வல்லம் மச்சானுக்குச் சேரவேண்டிய மாலை

1. கீபோர்டு ஊமையான நாள்

நான் முதல்முறை மேடை ஏறியபோது எனக்குப் பாடவும் தெரியாது, ஆடவும் தெரியாது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, ஜவுளிக்கடைத் தள்ளுபடியை விழுப்புரம் தெருக்களில் கத்திக்கொண்டு போவதுதான் என் வேலை. குரல் நன்றாக இருக்கிறது என்று ஒரு மெல்லிசைக் குழுவில் கூப்பிட்டார்கள். அடுத்த பாட்டு என்ன, பாடுகிறவர் யார் என்று அறிவிக்க வேண்டும். அதற்குக் காம்பியர் என்று பெயர். பெயரைக் கேட்டதும் ஒரு கோட்டு வாங்கிவிட்டேன். வேறு தகுதி எதுவும் என்னிடம் இல்லை.

முதல் நிகழ்ச்சி திருவாமாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துத் திருவிழா. மாலை ஆறரை மணி. மூன்றாவது பாட்டின் நடுவில் கீபோர்டு ஊமையாகிவிட்டது. குழுவின் ஓனர் சேகர் அண்ணன்தான் கீபோர்டும் வாசிப்பார். அவர் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் கலி, கேப் வுழுதுய்யா. எதனா பேசு. பத்து நிமிசம் தாட்டு."

"இன்னாண்ணே பேசுறது?"

"வூட்டுல நடந்தது, ரோட்டுல நடந்தது, எதனா சொல்லு. ஆனா உன்னையே கோமாளியாக்கிக்காத. நீ காம்பியரு. உன்னப் பாத்து சிரிச்சுட்டான்னா, நீ அடுத்த பாட்டு சொல்றப்பவும் சிரிப்பான். வேற எவன் தலையிலயாவது போடு."

என் முழுப்பெயர் கலியமூர்த்தி. அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மைக்கைப் பிடித்தேன். கண் முன்னால் வந்து நின்றவர் என் மனைவியின் அண்ணன் ஏழுமலை. செஞ்சிப் பக்கம் வல்லத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற மனிதர். அவர் தலையில் போட்டேன்.

கதை இதுதான். வல்லம் மச்சானின் பெரியப்பா இறந்துவிட்டார். நானும் மச்சானும் விழுப்புரத்தில் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, கண்டமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்குப் பஸ்ஸில் போகிறோம். பஸ் நெரிசலில் மச்சானின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிடுகிறது. போய் இறங்கினால் அந்தத் தெருவில் அன்று இரண்டு சாவு. எதிரெதிரே இரண்டு பந்தல். மேளச் சத்தம் கேட்டதும் மச்சானுக்கு அழுகை பொங்கி, என் கையிலிருந்த மாலையைப் பிடுங்கிக்கொண்டு முதல் பந்தலுக்குள் ஓடுகிறார். உடலின்மேல் மாலையைப் போட்டு, தானும் விழுந்து, 'பெரியப்பா, எயுந்திரு பெரியப்பா' என்று கதறுகிறார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டு மருமகள் கேட்கிறாள்: "யாருங்க இவரு? எங்க மாமியாரப் போயி பெரியப்பான்றாரு?"

சேகர் அண்ணன் கேட்டது பத்து நிமிடம், நான் பேசியது பதினெட்டு நிமிடம். கீபோர்டு சரியான பிறகும், "பாட்டு அப்புறம் பாடலாம், மச்சான் இன்னா ஆனாருன்னு சொல்லுய்யா" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்று பிழைக்கும் வழி எனக்குத் தெரிந்துவிட்டது.

2. பிட்டு வளர்ந்த விதம்

இப்போது புதிதாக மேடைக்கு வரும் பிள்ளைகள் கன்டென்ட் என்கிறார்கள். நாங்கள் பிட்டு என்போம். ஒரு பிட்டை முதல் தடவை சொல்லும்போது அது வீட்டில் நடந்த விஷயம். ஐம்பதாவது தடவை சொல்லும்போது அது ஒரு சரக்கு. எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள், எங்கே மெதுவாகச் சொன்னால் முன்வரிசை சாயும் என்று நாக்குக்கே தெரிந்திருக்கும். சிரிப்பு வராத இடத்தை வெட்டிவிடுவோம். வந்த இடத்தை இழுப்போம். இதைத்தான் தொழில் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் இதுதான் தொழில்.

வல்லம் மச்சான் பிட்டை எத்தனை ஊரில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கோயில் திருவிழா, காலேஜ் ஆண்டு விழா, கோட்டக்குப்பத்தில் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள் வைத்த வரவேற்பு, திண்டிவனத்தில் ரோட்டரி மாதிரி பெரிய மனிதர்கள் கூடும் இடம் எல்லாவற்றிலும் சொன்னேன். வருடத்துக்கு ஒரு வால் முளைத்தது. ஒரு வருடம் மச்சான் பந்தி வரைக்கும் உட்கார்ந்துவிட்டு வந்தார். இன்னொரு வருடம் காரியத்துக்கும் போய்வந்தார். பிறகு டிவியில் ஒரு காமெடி நிகழ்ச்சியில் சொன்னேன். அது போனில் ஊர் ஊராகச் சுற்றி, எனக்குச் சினிமாவில் சின்னச் சின்ன வேஷங்கள் கிடைத்தன.

சின்ன வேஷம் என்றால் எவ்வளவு சின்னது என்று கேட்காதீர்கள். செஞ்சிப் பக்கம் ஒரு ஷூட்டிங்கில் எனக்குப் பிண வேஷம். உதவி இயக்குநர் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தான்.

"அண்ணே, மூச்ச வயித்துல வுடாதீங்க, கேமராவுல தெரியுது. நெஞ்சுலயும் வுடாதீங்க."

"அப்ப எங்க தம்பி வுடுறது?"

"கட் சொன்னதுக்கு அப்புறம் வுடுங்கண்ணே."

ஷாட் ஆரம்பித்தது. என்மேல் விழுந்து அழுவதற்கு உள்ளூரிலிருந்து ஒரு பெரியம்மாவைக் கூட்டி வந்திருந்தார்கள். மார்பில் அடித்துக்கொண்டு பிரமாதமாக அழுதார். அழுகைக்கு நடுவில் என் காதருகே குனிந்து, "வல்லம் மச்சான் நல்லா இருக்காராங்க?" என்று கேட்டார். பிணம் சிரித்துவிட்டது. ஏழாவது டேக்கில்தான் அந்த ஷாட் ஓகே ஆனது. அந்த அளவுக்கு என் மச்சான் புகழ் பெற்றிருந்தார்.

ஆனால் அவர் என் நிகழ்ச்சியில் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. பொங்கலுக்கு வல்லம் போனால் நல்ல சோறு போடுவார், மூட்டையில் மல்லாட்டை கட்டிக் கொடுப்பார், வாசல் வரை வந்து வழியனுப்புவார். நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் பேசமாட்டார். விவசாயிக்கு நகைச்சுவை உணர்வு கம்மி என்று நானே ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். என் மனைவி அஞ்சலையும் அந்தப் பிட்டு வரும்போது மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அதையும் நான் கவனித்தேன். ஏன் என்று கேட்டதில்லை.

3. தொடாத தட்டு

போன வருடம் எங்கள் மகள் பவித்ராவுக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தது. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண் மணவறையில் உட்கார முடியாது. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, வேட்டி, புடவை எல்லாம் தட்டில் அடுக்கி, மேலே பத்திரிகையை வைத்து, நானும் அஞ்சலையும் பைக்கில் வல்லம் போனோம்.

மச்சான் வாசலுக்கு வந்து வரவேற்றார். மோர் வந்தது. தட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தாரே தவிர, கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"வெச்சுடு மாப்ள."

"வாங்கிக்குங்க மச்சான். நல்ல நேரம் போய்க்கினு இருக்குது."

"வாங்கறதுன்னா வந்து நிக்கணும். நான் சபையில வந்து நிக்கற நெலமையில இல்ல."

அஞ்சலை பயந்துபோய், "உடம்புக்கு எதனாவாண்ணே?" என்று கேட்டாள்.

"உடம்பு நல்லாத்தான் இருக்குது. நம்ம பக்கத்து நெலத்துக்காரரு செத்தாரே போன வருசம், தெரியும்ல? முப்பது வருசமா ஒண்ணா மொற வெச்சுத் தண்ணி பாய்ச்சினவரு. செஞ்சிக்குப் போயி மாலை வாங்கிகினு வந்தேன். பந்தலுக்குள்ள நொழையறேன். பொம்பளைங்க அழுதுகினு இருந்தாங்க. மாலையும் கையுமா என்னப் பாத்ததும் ஒருத்தி முந்தானைய வாயில வெச்சுகினா. அதப் பாத்து இன்னொருத்தி. செத்தவரு மவன் திரும்பி நின்னுகினு தோளு குலுங்குறான். அழுவுறான்னு நெனச்சு முதுகத் தடவிக் குடுக்குறேன். அவன் சிரிச்சுகினு இருக்கான் மாப்ள."

எனக்குக்கூட உதட்டோரம் துடித்தது. தொழில் பழக்கம் அப்படி. நல்லவேளையாக அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அன்னிலேர்ந்து எந்தச் சாவுக்கும் மாலை எடுத்துகினு போறதில்ல. வெறுங்கைய வீசிகினு போயி, ஓரமா நின்னுட்டு வந்துடறேன். கூடப் பழகினவனுக்கு ஒரு மாலை போட முடியல. உன் பொண்ணு கல்யாணத்துல பட்டம் கட்டறப்ப எத்தினி பேரு சிரிப்பான்? எம் பொண்ணு மாதிரி அவ. அவ உக்காந்துகினு இருக்கறப்ப எதுக்கு அந்தப் பேஜாரு?"

நான் செய்ததெல்லாம் தப்பு என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இருபத்தைந்து வருடம் கைதட்டல் வாங்கியவனின் வாய் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. "மச்சான், நான் கொஞ்சம் கூட்டிக் கொறச்சிச் சொல்லியிருப்பேன். ஆனா நடந்ததத்தானே சொன்னேன்?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நடந்ததா? நான் எப்ப மாப்ள கண்ணாடி போட்டேன்?"

"கண்ணாடி நான் சேத்ததுதான். நீங்க எப்புடி வூடு மாறுனீங்கன்னு ஜனம் கேக்கும்ல, அதுக்காக."

"அதையேதான் நானும் கேக்குறேன். அது என் பெரியப்பா வூடு. அஞ்சாவது வரைக்கும் அங்க இருந்துதான் படிச்சேன். கண்ணக் கட்டி வுட்டாலும் போயி நிப்பேன். நான் எப்புடி மாப்ள மாறுவேன்?"

நினைவில் தேடிப் பார்த்தேன், அந்த உடைந்த கண்ணாடிதான் வந்தது. அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். "அஞ்சலை, உன் வூட்டுக்காரரு நெசமாவே மறந்துட்டாரு" என்றார். குரலில் கோபம் போய், ஆச்சரியம் வந்திருந்தது.

4. எதிர்ப் பந்தலில் இருந்தவள்

திரும்பி வரும் வழியில், தட்டு அஞ்சலை மடியில் இருந்தது. பாதி தூரத்தில் பைக்கை ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். நான் கேட்பதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"நீங்க 'பெரியப்பா'ன்னா அழுதீங்க? 'மாமா, எயுந்திரு மாமா'ன்னு அழுதீங்க."

"நானா?"

"நீங்கதான். நாங்க பொம்பளைங்க எல்லாம் வேன்ல முன்னாடியே போயிட்டோம். நான் எங்க பெரியப்பா தலமாட்டுல உக்காந்துகினு இருக்கேன். நேரா எதிர்ப் பந்தலு தெரியுது. நீங்க ரோஜா மாலையோட ஓடி வர்றீங்க. புது மாப்பிள்ள, எங்க ஜனமெல்லாம் பாக்கணும்னு இன்னா ஓட்டம். எங்க அண்ணன் பின்னாடி நடந்து வருது. 'மாப்ள, அது இல்ல, இந்தப் பக்கம்'னு கூப்புடுது. உங்களுக்குக் காது கேக்கல. என் புருசன் எதிர் வூட்டுக் கெழவி மேல வுழுந்து அழுவுறத நான் இங்கேர்ந்து பாத்துகினு இருக்கேன். அழுவுறதா சிரிக்கிறதான்னு தெரியல எனக்கு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. முதலில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. பிறகு ஈர மாலையின் கனம் கையில் வந்தது. மாலையைச் சுமந்தவன் கைக்குத்தான் அந்தக் கனம் தெரியும். அடுத்து, "வேற எவன் தலையிலயாவது போடு" என்று சேகர் அண்ணன் சொன்னது வந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மச்சானின் மானத்தை அன்று எடுத்து ஊற்றியவன் நான்தான். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

"அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். என் கதையின் முடிவை இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அன்றுதான்.

"அந்த வூட்டு மருமவ, 'யாருங்க இவரு, எங்க மாமியார மாமான்றாரு'ன்னு கேட்டுது. எல்லாரும் உங்களையே பாக்குறாங்க. நாலு பேரு எயுந்துட்டாங்க. எங்க அண்ணன் அது வரைக்கும் ரோட்டுலதான் நின்னுகினு இருந்துது. பேசாம நம்ம பந்தலுக்கு வந்துருக்கலாம். வரல. நேரா உள்ள போயி, 'அவருக்குத் துக்கத்துல ஒண்ணும் புரியலம்மா'ன்னு சொல்லிட்டு, உங்க பக்கத்துல உக்காந்து அதுவும் அழுவ ஆரம்பிச்சுடுச்சு. 'பெரியம்மா, பெரியம்மா'ன்னு. தூரத்து சொந்தம் போலன்னு அவங்க வுட்டுட்டாங்க. அர மணி நேரம் உங்களோட அங்கயே இருந்துது."

"மாலை?"

"கெழவி மேல போட்டத எடுத்துகினா வர முடியும்? இருந்தது ஒரே மாலை. எங்க அண்ணன் சொந்தப் பெரியப்பாவுக்கு வெறுங்கையோட வந்து நின்னுது. எங்க சித்தப்பா அத்தினி பேரு எதிர்ல கேட்டாரு, 'வளத்த பெரியப்பனுக்கு ஒரு மாலை வாங்க வக்கில்லையாடா உனுக்கு'ன்னு. தலைய குனிஞ்சுகினு நின்னுது. உங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

இந்தப் பகுதியை நான் வெட்டியிருக்கிறேன். வேண்டுமென்று திட்டம் போட்டு வெட்டவில்லை. இதில் சிரிப்பு இல்லை, அதனால் தானாக உதிர்ந்துவிட்டது.

"இத்தினி வருசமா ஏன் நீ சொல்லல?"

"நீங்க மறந்துட்டீங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்? நடிக்கிறீங்கன்னு நெனச்சேன். அண்ணன்தான், 'அது மாப்ளயோட பொழப்பு, வுடு'ன்னு சொல்லும்."

டீக்கடையில் இருந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணே, வல்லம் மச்சான் எப்படி இருக்காரு?" என்று சிரித்தபடி கேட்டார். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்தக் கேள்வி எனக்கு வலித்தது.

பைக்கைத் திரும்ப வல்லத்துக்கே விட்டேன். மச்சான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஞாபகம் வந்துடுச்சு மச்சான். என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். காலில் விழப் போனேன், தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது மாப்ள? ஊருக்கெல்லாம் சொன்ன. ஊருக்கே சொல்லு."

"சொல்றேன். கல்யாணத்துலயே சொல்றேன்."

"சொல்லு. சொல்லி முடிச்சதுக்கு அப்புறம் பட்டம் கட்டுறேன். இப்ப தட்ட வெச்சுட்டுப் போ."

5. ரிகர்சல் இல்லாத பிட்டு

கல்யாணத்துக்கு முன் ஒரு வாரம் நான் பட்ட பாடு எந்த ஷூட்டிங்கிலும் பட்டதில்லை. பழைய பிட்டை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உண்மை எனக்குப் புது பிட்டு. எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது, ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அஞ்சலை வந்து விளக்கை அணைத்தாள்.

"ரிகர்சல் பண்ணாதீங்க. பண்ணா மாத்திடுவீங்க."

பவித்ரா என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "அப்பா, மாமா பட்டம் கட்டலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்." என்னை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் வளர்ந்ததில் பாதி வல்லத்தில்தான்.

முகூர்த்தம் காலை ஏழரை. மண்டபம் நிறைந்திருந்தது. மச்சான் வேட்டி சட்டையில் மேடையின் ஓரத்தில், பட்டமும் மாலையும் வைத்த தட்டோடு நின்றார். நான் மைக்கை வாங்கினேன். வாங்கியதுமே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. கூட்டத்தின்மேல் குற்றம் இல்லை, நான் பழக்கிய பழக்கம்தான்.

"வல்லம் மச்சான் கதைய எல்லாரும் கேட்டுருப்பீங்க" என்றேன். கைதட்டல். "அன்னிக்கு வூடு மாறிப் போயி வுழுந்தது அவரு இல்ல. நான்."

பெரிய சிரிப்பு. பின்வரிசையிலிருந்து ஒருவர், "செம டர்னிங் தலைவா" என்றார். நான் பதறிப்போய், "நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. மாப்பிள்ளையின் நண்பர்கள் விசில் அடித்தார்கள். என் தொழிலில் இப்படி ஒரு சிக்கல் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சிரிக்க வைக்கத் தெரியும். சிரிப்பை நிறுத்தத் தெரியாது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் தட்டோடு அசையாமல் நின்றார். மேடைக்குக் கீழே, அலங்காரத்தோடு நின்ற என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலை மேடை ஏறி வந்து என் கையிலிருந்து மைக்கை எடுத்தாள். இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட மைக்கைத் தொடாதவள்.

"இவரு சொல்றது நெசம். நான் எதிர்ப் பந்தல்ல இருந்தேன். இருந்தது ஒரே மாலை. அத இவரு தெரியாத கெழவிக்குப் போட்டுட்டாரு. இவரு மானம் போவக் கூடாதுன்னு எங்க அண்ணனும் கூட உக்காந்து அழுதுது. அப்புறம் பெரியப்பாவுக்கு வெறுங்கையோட வந்து நின்னு, ஏச்சு வாங்கிச்சு. அவ்ளோதான்."

நான் இருபத்தைந்து வருடமாகப் பதினெட்டு நிமிடம் சொன்னதை, அவள் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள். மண்டபம் அமைதியானது. முன்வரிசையில் கண்டமங்கலம் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், அன்று ஏசியவர் அவர்தான். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"ஏழுமல. அதனாலதானாடா அன்னிக்கு மாலை இல்லாம வந்த?"

மச்சான் தட்டில் இருந்த பட்டத்தைச் சரிசெய்தார்.

"அத்தினி பேரு எதிர்ல உன்னக் கேட்டேனேடா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"வுடு சித்தப்பா" என்றார் மச்சான். "புது மாப்பிள்ள. சொன்னா அவரு மானம் போயிருக்கும். முகூர்த்த நேரம் போவுது, உக்காரு."

நான் அழுதேன். மேடையில் அழுது பழகியவன்தான், ஆனால் இந்த அழுகையை நிறுத்த எனக்கு யாரும் கட் சொல்லவில்லை. அப்போது பின்வரிசையில் ஒரு பெண் குரல், "இப்பவாச்சும் சரியான வூட்டுலதான் அழுவுறாரா?" என்று கேட்டது. மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் புதிதாக ஒரு சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் மச்சான் சிரித்துக்கொண்டிருந்தார். தட்டில் இருந்த மாலை குலுங்கும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மகளுக்கு மாலை போட்டுப் பட்டம் கட்டினார்.

6. பின்னால் வந்தவர்

இப்போதும் அந்தப் பிட்டைச் சொல்கிறேன். விழுகிறவன் நான். கிழவி மருமகள் கேள்வி அப்படியே இருக்கிறது, மூக்குக்கண்ணாடி போய்விட்டது. மச்சான் பக்கத்தில் வந்து உட்காரும் இடத்தில் சிரிப்பு வராது. பரவாயில்லை என்று அதை விட்டு வைத்திருக்கிறேன். சொல்லப்போனால், அந்த அமைதிக்கு அப்புறம் வருகிற சிரிப்புதான் நிகழ்ச்சியிலேயே பெரியது.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் வீட்டு ஆளை மேடையில் ஏற்றுங்கள், தப்பில்லை. ஆனால் விழுகிற வேஷத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்து நாம் வேனில் ஏறிப் போய்விடுவோம், அவர்கள் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். இன்னொன்று, எதை வெட்டினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நோட்டு இல்லாவிட்டால் என் மனைவி மாதிரி ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள்.

பவித்ரா கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து வல்லத்தில் ஒரு சாவு. மச்சானுக்கு வேண்டிய குடும்பம். நான் அன்று ஊரில் இருந்ததால் நானும் போனேன். செஞ்சியிலிருந்து அவரே மாலை வாங்கி வந்திருந்தார். நல்ல கனமான ரோஜா மாலை. தெருமுனை வந்ததும் அவர் நடை கொஞ்சம் தளர்ந்தது. பந்தலில் இருந்த முகங்கள் எங்கள் பக்கம் திரும்புவது எனக்கும் தெரிந்தது.

மச்சான் நின்றார். மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நீ முன்னாடி போ. நான் பின்னாடி வர்றேன்."

போனேன். பெண்கள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். இறந்தவரின் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, "சரியான வூட்டுக்குத்தான் வந்துருக்கீங்கண்ணே" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், என் மச்சான் பக்கவாட்டில் உள்ளே போய், யாரும் தடுக்காமல், யாரும் சிரிக்காமல், தன் மாலையைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார்.